அம்மாவுக்குச் சீக்கிரமே பல்லு ஆடிச்சா? அப்போ நீ இதைக் கேளு!

காலையில சென்னீர்குப்பத்துல இருந்து வேலைக்கு ஓடுற அவசரத்துல, வாஷ்பேசின்ல துப்பின நுரை ஈறு ரத்தம் கலந்து இளஞ்சிவப்பா இருந்ததைப் பார்த்திருப்பே. தண்ணியைத் திறந்து விட்டுட்டுக் கிளம்பியிருப்பே. நானும் பல வருஷம் அப்படித்தான் இருந்தேன். "எங்க வீட்ல எல்லாருக்கும் ஈறு இப்படித்தான்"னு சமாதானம் வேற. கண்ணு, வீட்ல எல்லாருக்கும் இருக்குன்னா நீ மத்தவங்களைவிட முன்னாடியே முழிச்சுக்கணும்.

1. வீட்டுப் பெரியவங்களைக் கேளு. அம்மா, அப்பா, மாமா, அத்தை இவங்கள்ல யாருக்குச் சின்ன வயசுலேயே பல்லு போச்சு? சொத்தை விழுந்து போச்சா, நல்ல பல்லே ஆடி ஆடி விழுந்துச்சா? ஆடி விழுந்திருந்தா அது பெரும்பாலும் ஈறு நோய். ஒரு துண்டுச் சீட்டுல எழுதி டாக்டர்கிட்ட காட்டு. இதுக்காகக் காசைக் கொட்டி மரபணு டெஸ்ட் எடுக்க ஓடாதே. சாதாரண ஈறு நோய்க்கு இதுதான்னு ஒரு மரபணுவைக் கை காட்ட முடியாது, பல சேர்ந்து செய்யற வேலை அது.

2. அடுத்தவங்களோட ஒப்பிடாதே. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல, பல்லே துலக்காத 480 தமிழ்த் தொழிலாளிகளை 1970-ல இருந்து 15 வருஷம் கவனிச்சாங்க. எல்லார் வாயிலயும் காரை, எல்லாருக்கும் ஈறு வீக்கம். ஆனா 100-க்கு 8 பேருக்கு வேகமா எலும்பு கரைஞ்சு பல்லு போச்சு. 11 பேருக்கு வீக்கத்தோட நின்னு போச்சு. கிருமியை விரட்ட உடம்பு அனுப்புற படை சிலருக்கு அளவு மீறிப் பாயும், பல்லைத் தாங்குற எலும்பையே கரைச்சுடும். நீயும் அந்த 8 பேர் மாதிரி இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரி துலக்காமலே நல்லா இருக்காளேன்னு நீயும் அப்படி இருக்காதே.

3. "பரம்பரை, என்ன பண்றது"ன்னு உக்காராதே. அமெரிக்காவுல 117 ஜோடி இரட்டையர்களைப் பரிசோதிச்சு 2000-ல எழுதினாங்க. ஈறு நோய்ல ஆளுக்கு ஆள் இருக்கற வித்தியாசத்துல கிட்டத்தட்ட பாதிதான் பிறவியில வருது. மீதிக்கு நீ ஏதாவது செய்யலாம் இல்லையா?

4. நேரம் இல்லையா? ராத்திரியைப் பிடிச்சுக்கோ. காலையில அவசரமா துலக்கினாலும், படுக்கறதுக்கு முன்னாடி 2 நிமிஷம் மிருதுவான பிரஷ்ல ஈறு ஓரமா துலக்கு. பல் இடுக்குக்குனு விக்கற குட்டி பிரஷ்ஷையோ நூலையோ தினம் ஒரு தடவை விடு. நோய் பெரும்பாலும் ஆரம்பிக்கறது அந்த இடுக்குலதான். கரித்தூள், செங்கல் தூள் போட்டு அழுத்தித் தேய்க்காதே, ஈறு தேஞ்சு இறங்கிடும்.

5. க்ளீனிங்குக்குப் பயப்படாதே. "சுத்தம் பண்ணா பல்லு ஆடும்"ங்கறது வெறும் பேச்சு. பல்லு முன்னாடியே ஆடியிருக்கும், கெட்டியா ஒட்டின காரை அதை மறைச்சிருக்கும், அவ்வளவுதான். பக்கத்துல வேலப்பன்சாவடியில பல் மருத்துவக் கல்லூரியே இருக்கு, தூரம்னு சாக்கு சொல்லாதே. குடும்பத்துல ஈறு நோய் இருந்தா எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை வரணும்னு கேட்டு, போன்ல அலாரம் வெச்சுக்கோ.

6. சுகரையும் புகையிலையையும் சேர்த்துக் கவனி. சுகர் ஏறினா ஈறு கெடும், ஈறு கெட்டா சுகர் அடங்கறது கஷ்டம். வீட்டுக்காரர் சிகரெட் பிடிக்கறவரா? புகை ரத்தக் கசிவை மறைச்சிடும். ரத்தம் வரலைன்னு நம்பி இருந்துடாதீங்க.

7. பிள்ளைங்க வாயைப் பாரு. பத்துப் பன்னெண்டு வயசுக்கு மேல, வெளியே சுத்தமா தெரியற நிரந்தர முன்பல்லோ கடைவாய்ப் பல்லோ ஆடினா தள்ளிப் போடாதே. சொந்தத்துல கல்யாணம் பண்ண வீட்ல, குழந்தைக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் தடிச்சு, பால்பல்லு மூணு நாலு வயசுலேயே ஆடினா, அது அபூர்வமான பரம்பரை நோயா இருக்கலாம். உடனே கூட்டிட்டுப் போ.

இன்னிக்கு ராத்திரி அம்மாவுக்குப் போன் போடு. "உனக்கு முதல் பல்லு எந்த வயசுல ஆடிச்சு?"ன்னு கேளு. எங்கம்மா "நாப்பத்திரெண்டு"ன்னாங்க. எனக்கு அப்போ நாப்பது. மறுநாள் காலையிலேயே டாக்டர் நாற்காலியில உக்காந்தேன். நீ அவ்வளவு நாள் காத்திருக்காதே.