நத்தார் மரச் செய்கை: கொள்வோரே தறித்துச் செல்லும் பண்ணைகள்

முன்னுரை

ஓராண்டிற் பலன் தரும் பயிரைச் செய்பவர் ஒரு போகத்தில் தவறினால் மறுபோகத்தில் அதனைத் திருத்திக்கொள்ளலாம். எட்டு ஆண்டுகளிற் பலன் தரும் பயிரைச் செய்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவ்வாறு எட்டு ஆண்டுகள் வளர்த்த விளைபொருளை நான்கு வாரங்களுள் விற்றுவிடல் வேண்டும். அக்காலம் கடந்தால் அவ்வாண்டில் அதனை வாங்குவார் எவருமிலர் என்னும் நிலையும் இருக்குமாயின், அப்பயிரைச் செய்வதற்கு மிகுந்த முன்யோசனை தேவை. ஐக்கிய அமெரிக்காவிற் பயிரிடப்படும் நத்தார் மரம் இத்தகைய பயிராகும்.

இலங்கையிற் கிறித்தவ இல்லங்கள் சிலவற்றில் நத்தார்க் காலத்திற் சவுக்குக் கிளையோ சைப்பிரஸ் மரமோ நாட்டி அலங்கரிப்பதுண்டு. அமெரிக்காவில் இதற்கெனப் பயன்படுவன குளிர்நாட்டு ஊசியிலை மரங்களாம். அவை நம் தாழ்நிலங்களுக்கு ஏற்றவையல்ல. எனினும், அந்நாட்டுச் சிறு கமக்காரர் அம்மரங்களை ஆண்டுதோறும் வகுத்து நட்டு, கொள்வோரைத் தம் நிலத்துக்கே வரவழைத்து, அவர்கள் கையாலேயே தறிப்பித்து விற்கும் முறை, நெடுங்காலப் பயிர் செய்வோர் யாவரும் கற்றறியத்தக்கதாகும்.

காட்டிலிருந்து தோட்டத்துக்கு

முற்காலத்தில் நத்தார் மரங்கள் காட்டிலிருந்தே கொண்டுவரப்பட்டன. 1851ஆம் ஆண்டில் மார்க் கார் என்பவர் கற்ஸ்கில் மலைப்பகுதியில் மரங்களைத் தறித்து, எருது பூட்டிய சறுக்குவண்டிகள் இரண்டில் ஏற்றி, நியூயோர்க் நகரச் சந்தையில் விற்றார். இவ்வியாபாரம் பெருகப் பெருகக் காடுகளின் இளமரங்கள் குறையலாயின. 1901ஆம் ஆண்டில் மக்கலியாட் என்னும் கமக்காரர் நியூ ஜேர்சி மாநிலத்தின் திரென்டன் நகருக்கு அண்மையில் 25,000 நோர்வே ஸ்புரூஸ் கன்றுகளைத் தம் நிலத்தில் நட்டார். சில ஆண்டுகளின் பின் அவற்றை மரமொன்று 1 டொலராக விற்றார். நத்தார் மரம் பயிராக மாறிய வரலாறு இங்கிருந்தே பெரும்பாலும் தொடங்கிக் கூறப்படுகின்றது.

2017ஆம் ஆண்டின் கமத்தொழிற் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 15,000 பண்ணைகளில் 150 இலட்சம் மரங்கள் வரையில் தறிக்கப்பட்டன. ஒறிகன் மாநிலம் முதலிடத்தையும் வட கரோலினா இரண்டாமிடத்தையும் பெற்றன. பெரும் பண்ணைகள் மரங்களை மொத்தமாகத் தறித்து லொறிகளில் தொலைநகரங்களுக்கு அனுப்புகின்றன. நகரங்களுக்கு அண்மையிலுள்ள சிறு பண்ணைகள் பலவற்றிலோ, கொள்வோர் தாமே வந்து தேர்ந்து தறித்துச் செல்கின்றனர்.

மரவகைகள்

நல்ல நத்தார் மரத்துக்கு வேண்டிய குணங்கள் நான்கு. கிளைகள் பொருள்களைத் தாங்கும் வலிமையுடையனவாக இருத்தல், ஊசியிலைகள் தறித்தபின் எளிதில் உதிராதிருத்தல், நறுமணம், கூம்பு வடிவம்.

வட கரோலினாவின் பிரேசர் ஃபர் இந்நான்கு குணங்களையும் ஒருங்கே உடையது. இது அப்பலேச்சிய மலைத்தொடரின் தென்பகுதிச் சிகரங்களுக்கு உரிய மரம். பெரும்பாலும் 3,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திற் பயிரிடப்படும். வடபகுதிகளில் போல்சம் ஃபரும், ஒறிகனில் நோபிள் ஃபரும் டக்ளஸ் ஃபரும் பெயர்பெற்றவை. ஸ்கொட்ஸ் பைன் பலவகை நிலங்களில் வளரும். நோர்வே ஸ்புரூஸ் அழகுடையதாயினும் வீட்டினுள் ஊசியிலைகளை விரைவில் உதிர்க்கும்.

நடுகையும் பராமரிப்பும்

பிரேசர் ஃபர் கன்றுகள் நாற்றுமேடையிலும் மாற்றுமேடையிலுமாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வளர்ந்தபின்னரே தோட்டத்தில் நடப்படுகின்றன. அதன் பின் ஆறு அல்லது ஏழு அடி உயரம் எய்துவதற்கு மேலும் ஏழு முதல் பத்து ஆண்டுகள் செல்லும். 5 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 1,740 கன்றுகளும், 6 அடி இடைவெளியில் நட்டால் 1,210 கன்றுகளும் கொள்ளும். கொள்வோர் குடும்பத்துடன் உட்சென்று மரங்களைச் சுற்றிப் பார்க்கும் பண்ணைகளுக்கு அகன்ற இடைவெளியும் நடைபாதையும் அவசியமாகும்.

மரம் தானாகவே அழகிய கூம்பாக வளர்ந்துவிடும் என எண்ணுதல் தவறு. நட்ட சில ஆண்டுகளில் இருந்து ஒவ்வோராண்டும் நீண்ட கத்தியாற் பக்கக் கிளைகளின் நுனிகளைச் சீவி, தலைத்தண்டு ஒன்றை மட்டும் நிறுத்தி, அதனையும் ஏறத்தாழ ஓரடி நீளத்துக்குக் குறைத்து வருதல் வேண்டும். இதனால் கிளைகள் நெருங்கி மரம் அடர்த்தியாகும். காலம் மரவகைக்கேற்ப வேறுபடும். பைன் மரத்தின் இளந்தளிர் மென்மையாயிருக்கும் யூன் மாத அளவிற் சீவினாலன்றி, வெட்டிய இடத்திற் புதிய அரும்புகள் தோன்றா. ஃபர், ஸ்புரூஸ் என்பவற்றிலோ தண்டின் நெடுகிலும் அரும்புகள் உள்ளமையால், யூலை தொடங்கி மரம் உறங்குநிலையில் இருக்கும் காலம் வரையிற் சீவலாம்.

வரிசைகளுக்கிடையில் நிலத்தை வெறுமையாக விடாது, குட்டையான வெள்ளைக் குளோவர் போன்ற மூடுபயிரைப் பேணுதல் நன்று. சரிவான நிலத்தில் அது மண்ணரிப்பைத் தடுக்கும். தீங்கு செய்யும் பூச்சிகளை உண்ணும் பூச்சிகளுக்கும் புகலிடமாகும்.

வேரழுகல்: மீளா இழப்பு

பிரேசர் ஃபரின் கொடிய பகை பைற்றொத்தோரா என்னும் நுண்ணுயிரால் உண்டாகும் வேரழுகல் நோயாகும். நீர் வடியாத களிமண்ணில் இது விரைந்து பரவும். நோயுற்ற மரத்தைக் குணப்படுத்த மருந்து இல்லை. அதனினும் கொடியது யாதெனில், நோய்க்கிருமி மண்ணிற் பல்லாண்டுகள் தங்கிவிடுவதால் அந்நிலம் பிரேசர் ஃபருக்கு மீண்டும் உதவாது போதலேயாம். நோயுள்ள கன்றுகள், மண் ஒட்டிய கருவிகள், வண்டிச் சில்லுகள் ஆகியவற்றால் நோய் புதுநிலத்துக்குச் செல்லும். எனவே நம்பத்தகுந்த நாற்றுமேடையிற் கன்று பெறுதலும், நீர் வடியும் நிலத்தைத் தேர்தலுமே தக்க காப்பாகும். நோயைத் தாங்கவல்ல மோமி ஃபரின் அடிக்கன்றில் பிரேசர் ஃபரை ஒட்டி நடும் முறையும் கைக்கொள்ளப்படுகின்றது.

ஆண்டுக்கொரு பாத்தி

இச்செய்கையில் கமக்காரரைக் காப்பதும் கெடுப்பதும் நடுகைத் திட்டமேயாகும். விலை உயர்ந்த ஆண்டில் எல்லோரும் மிகுதியாக நடுவர். எட்டு ஆண்டுகளின் பின் அம்மரங்கள் யாவும் ஒருங்கே சந்தைக்கு வந்து விலையை வீழ்த்தும். விலை வீழ்ந்த ஆண்டில் எவரும் நடார். பின்னர் மரத்துக்குத் தட்டுப்பாடு வரும். 2008ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியின்போது மரங்கள் மலிந்து விலை குன்றியிருந்தமையால் நடுகை குறைந்தது. பலர் தொழிலையே கைவிட்டனர். அதன் பயனாக 2016, 2017ஆம் ஆண்டளவில் மரங்கள் போதாது விலை ஏறியது. ஏறிய விலையின் நன்மை, துன்பக் காலத்திலும் இடைவிடாது நட்டுவந்தவர்களுக்கே கிட்டியது.

இதற்கு ஒரு கணக்கை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். எட்டு ஏக்கர் உடைய ஒருவர் அதனை எட்டுப் பாத்திகளாக வகுத்து, ஆண்டுக்கு ஒரு பாத்தி வீதம் நடுகின்றார். நடைபாதைக்கு இடம் விட்டு ஏக்கருக்கு 1,000 கன்றுகள் நட்டு, அவற்றுள் 200 அழிந்தாலும், எட்டாம் ஆண்டு தொட்டு ஆண்டுதோறும் ஏறத்தாழ 800 மரங்கள் விற்பனைக்கு ஆயத்தமாகும். எட்டு ஏக்கரையும் ஒரே ஆண்டில் நட்டவருக்கோ ஏழாண்டு வருமானம் இல்லை. எட்டாம் ஆண்டில் 6,400 மரங்களை விற்கும் வழியும் இல்லை.

காலநிலைத் தீங்குக்கும் இதுவே காப்பு. 2021ஆம் ஆண்டு யூன் இறுதியில் ஒறிகனைத் தாக்கிய கடும் வெப்பத்தின்போது போர்ட்லாந்து நகரில் வெப்பநிலை 46 பாகை செல்சியசைக் கடந்தது. வேர் ஆழமாக ஊன்றாத புதுக் கன்றுகள் பெருமளவிற் கருகின. 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் இறுதியில் ஹெலீன் சூறாவளி வட கரோலினாவின் மலைப்பகுதியைத் தாக்கியபோது, மண்சரிவினாற் சில பண்ணைகளின் மரங்களும் பாதைகளும் சிதைந்தன. பல வயது மரங்களை உடையவர் ஓராண்டின் இழப்பைத் தாங்குவர். ஒரே வயது மரங்களை உடையவருக்கு ஒரு நாளிலேயே யாவும் போதல் கூடும்.

கொள்வோரே தறித்தலால் வரும் நன்மை

அமெரிக்கர் நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமையில் நன்றியறிதல் நாளைக் கொண்டாடுவர். அதற்கு மறுநாளே பெரும்பாலான பண்ணைகள் வாயில் திறக்கும். குடும்பங்கள் ஊர்திகளில் வந்து, உழவு இயந்திரம் இழுக்கும் வண்டியில் தோட்டத்துக்குச் சென்று, மரத்தைத் தேர்ந்து, பண்ணையார் இரவலாகக் கொடுக்கும் வாளால் தறிப்பர். தறித்த மரத்தைப் பண்ணையார் ஓர் இயந்திரத்தில் நிறுத்திக் குலுக்கி, உலர்ந்த ஊசிகளை உதிர்த்து, வலையாற் சுற்றிக் கொடுப்பர்.

இதனால் தறிகூலியும், ஏற்றுகூலியும், தரகும் மிச்சமாகும். விற்காத மரம் வீணாகாது. நிலத்தில் நின்று அடுத்த ஆண்டுக்கு வளரும். மொத்தமாகத் தறித்துச் சந்தைக்கு அனுப்பியவருக்கோ விற்காத மரம் குப்பையாகும். இஃதொன்றே சிறு கமக்காரருக்கு இம்முறையின் தலையாய பயன் எனலாம்.

ஆயினும் சில இடர்களும் உள. கொள்வோர் முதலிற் சிறந்த மரங்களையே தேர்வர். முதிராத மரங்களையும் தறிக்க முற்படுவர். ஆதலால் அவ்வாண்டு விற்கும் பாத்திகளை மட்டும் திறந்து, ஏனையவற்றைக் கயிறு கட்டித் தடுத்தல் வேண்டும். அல்லது விற்பனைக்குரிய மரங்களிற் சீட்டுக் கட்டுதல் வேண்டும். தறித்த அடிக்கட்டைகளின் அருகே அடுத்த இளவேனிலில் உடனே கன்று நடுவோர் உளர். இதனால் நிலம் வெறிதே கிடவாது. எனினும் பல வயது மரங்கள் ஒரே பாத்தியிற் கலத்தலாற் புல் வெட்டலும் மருந்து தெளித்தலும் கடினமாகும். பாத்தி முழுவதும் விற்றுத் தீர்ந்தபின் ஒருங்கே நடுதல் ஒழுங்கான முறையாம்.

கொள்வோர் கவனிக்க வேண்டியவை

1. வீட்டுக் கூரையின் உயரத்தை அளந்து வருதல் வேண்டும். தாங்கிக்கும் உச்சி அலங்காரத்துக்கும் இடம் விட்டு, கூரையினும் ஓரடி குறைந்த மரத்தைத் தேர்க. வெட்டவெளியில் எம்மரமும் சிறிதாகவே தோன்றும்.

2. கிளையொன்றை மெல்லப் பிடித்து உருவிப் பார்க்குக. பசிய ஊசிகள் கையோடு வருமாயின் அம்மரத்தை விடுக.

3. தறிக்கும்போது ஒருவர் மரத்தை வாளுக்கு எதிர்ப்புறமாக மெல்லச் சாய்த்துப் பிடித்தல் வேண்டும். அன்றேல் வாள் இறுகிக்கொள்ளும். நிலத்துக்கு இயன்றவரை அண்மையிற் தறித்தல் நன்று. உயர்ந்த கட்டை பின்வருவோர் காலை இடறும்.

4. தறித்து ஆறு முதல் எட்டு மணி நேரத்துள் நீரில் வைக்க இயலாதாயின், அடியில் அரை அங்குலம் முதல் ஓரங்குலம் வரை புதிதாக அறுத்துவிட்டு நீரில் வைத்தல் வேண்டும். பட்டையைச் செதுக்குதல் ஆகாது. நீர் ஏறுவது பட்டையை அடுத்த வெளிப்புற மரப்பகுதியாலேயே.

5. அடியின் விட்டம் 4 அங்குலமாயின், நாளொன்றுக்கு 4 லீற்றர் வரையில் நீர் செலவாகலாம். தாங்கியில் நீர் வற்றவிடாது பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். உலர்ந்த மரம் எளிதில் தீப்பற்றும். அடுப்பு, மெழுகுதிரி என்பவற்றுக்குத் தொலைவில் வைக்க.

முடிவுரை

இப்பண்ணைகளுக்குச் செல்லும் ஒரு குடும்பம் தறிக்கும் மரம், கமக்காரர் எட்டு ஆண்டுகளுக்கு முன் நட்டதாகும். அவ்விலையிற் கழிந்த எட்டு ஆண்டுகளின் உழைப்பும், மீண்டும் நடவேண்டிய கன்றின் செலவும் அடங்கும். தறித்த கட்டையையும் அருகிலுள்ள பாத்தியின் இளங்கன்றையும் ஒருங்கே காணும் கொள்வோர் இதனை எளிதில் உணர்வர். சந்தையில் மரத்தை மட்டும் காண்போர் உணரார்.

நெடுங்காலப் பயிர் செய்யும் எந்நாட்டுக் கமக்காரரும் இதிலிருந்து கொள்ளத்தக்க பாடங்கள் மூன்று. நிலம் முழுவதையும் ஒரே ஆண்டில் நடாது, ஆண்டுக்கொரு பகுதியாக நடுக. சந்தையின் இன்றைய விலையைக் கண்டு நடுகையைக் கூட்டவோ நிறுத்தவோ செய்யாதிருக்க. இயலுமிடத்துக் கொள்வோரைத் தோட்டத்துக்கே வரவழைத்து விற்க. இம்மூன்றையும் கடைப்பிடிப்போர் ஓராண்டு நட்டம் வந்தாலும் மறுவாண்டு தலைநிமிர்வர்.