சொல்லாத சொல்

உள்ளத்தில் உள்ளதை உணர்த்த வல்லது மொழி. ஆயினும், உற்றாரிடத்து நாம் சொல்வதினும் சொல்லாது விடுவதே மிகுதி. நெருங்கிப் பழகியவர் நம் மனத்தைத் தாமே அறிவர் என்று இருந்துவிடுகிறோம். அவர் அறியாதபோது அம்மௌனம் வெற்றிடமாய் நிற்பதில்லை. ஐயம் அதிற் குடிபுகுகின்றது.

சொல்லாமை முழுதும் தீதன்று. முகம் நோக்கி அகம் அறிதல் அன்பின் அடையாளமாகும். திருவள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்னும் ஒரே பெயரால் 71ஆம் அதிகாரத்தையும் 110ஆம் அதிகாரத்தையும் அமைத்தார். நேரிற் கண்டறியாத கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவர் உள்ளத்தை ஒருவர் உணர்ந்திருந்தனர். அத்தகைய உணர்ச்சி எங்கும் வாய்ப்பதன்று. வாய்க்காத இடத்தில் நேர்வது யாது என்பதைச் சிலப்பதிகாரத்திற் காண்போம்.

இந்திரவிழாவின் முடிவில் கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரைக்குச் செல்கின்றனர். கோவலன் யாழிசைத்துக் காவிரியையும் கானலையும் பாடுகின்றான். ‘இவன் உள்ளம் வேறொருத்திபாற் சென்றது போலும்’ என்று மாதவி கருதுகின்றாள். ‘யாரை எண்ணிப் பாடினீர்?’ என்று அவள் கேட்டிலள். மகிழ்ந்தவள் போல யாழை வாங்கி, தானும் வேறொரு குறிப்பு உடையவள் போலப் பாடுகின்றாள். கோவலனும் வினவினானல்லன், அப்பாட்டை மெய்யெனக் கொண்டு எழுந்து போகின்றான். மாதவி தனியே வண்டியேறி மனை புகுகின்றாள். இப்பிரிவுக்கு ஊழ்வினையே காரணம் என்பர் இளங்கோவடிகள். அவ்வூழ் நுழைதற்குத் திறந்து கிடந்த வாயில், கேளாது விட்ட அவ்வொரு வினாவே எனலாம்.

பின்னர் மாதவி இருமுறை திருமுகம் விடுக்கின்றாள். முதல் திருமுகம் இளவேனிலையும் திங்களையும் பற்றி அணிநலம்பட உரைத்தது. அதனை நடிப்பென்று எண்ணிக் கோவலன் ஏற்க மறுத்தான். பெற்றோர்க்கும் சொல்லாது கண்ணகியுடன் இரவில் ஊர் நீங்கினான். இரண்டாம் திருமுகம், ‘யான் செய்த பிழை அறியேன், பொறுத்தருள்க’ என்னும் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிற்று. மதுரைக்குச் செல்லும் வழியிற் கோசிகன் என்னும் அந்தணன் அதனைக் கொணர்ந்தான். கோவலன் படித்தான், பிழை தன்னுடையதே எனத் தெளிந்தான். தன் பெற்றோர்க்கும் அதுவே பொருந்தும் என்று அத்திருமுகத்தை அவர்களிடம் சேர்ப்பிக்கச் செய்தான். அணி செய்ய இயலாததை எளிய சொல் செய்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது.

கண்ணகியின் மௌனம் இன்னும் நீண்டது. கணவன் பிரிந்திருந்த நாளெல்லாம் அவள் தன் துயரை அவனிடம் உரைத்திலள். அவன் நாணித் திரும்பியபோதும், ‘சிலம்பு உளது, கொள்க’ என்றே கூறினாள். மதுரைப் புறத்தே ஆயர் மனையிலேதான் அவள் வாய் திறக்கின்றாள். தான் பொய்ம்முறுவல் பூண்டு நோயை மறைத்ததையும், மாமனும் மாமியும் அதனை உணர்ந்து வருந்தியதையும் சொல்கின்றாள். அவன் ஒழுக்கம் தகாதது என்பதையும் மறைக்கவில்லை. கோவலன் சினந்தானல்லன், கண்ணீர் மறைத்து அவளைப் போற்றினான். பின்னர்ச் சிலம்பொன்றைக் கொண்டு கடைவீதி சென்றான், மீண்டிலன். இருவரும் மனம் விட்டுப் பேசிய நாளே இறுதி நாளாயிற்று.

ஊடல் உணவிற்கு உப்புப் போன்றது. மிகின் சுவை கெடும் என்பது வள்ளுவர் கருத்து. மௌனமும் அத்தகையதே. தந்தையும் மகனும், உடன்பிறந்தாரும், நண்பரும் ஒரு சிறு வினாவைக் கேளாமையால் ஆண்டுக்கணக்கில் விலகி வாழ்தலை நாம் காண்கின்றோம். மாணவர்களே! சினத்தாற் சொல்ல எழும் சொல்லைப் பிற்படுத்துங்கள். அன்பினாற் சொல்ல வேண்டிய சொல்லையும், ஐயம் தீரக் கேட்க வேண்டிய வினாவையும் நாளைக்கென ஒத்திவையாதீர்கள்.