கிருமியின் ஏட்டைப் படிப்போர்

நுழையும்முன்

ஊரெங்கும் ஒரு நோய் பரவும்போது மருத்துவர் நோயாளியைக் காக்கிறார். ஆய்வகத்தில் நுண்ணுயிரியலாளர் கிருமியைப் பிரித்தெடுக்கிறார். களப்பணியாளர் வீடுவீடாகச் சென்று வினவுகிறார். இவர்களோடு, கிருமியின் மரபுச் செய்தியைக் கணினியின் துணையால் படித்துப் பொருள் கூறும் ஒருவரும் இன்று சேர்ந்திருக்கிறார். அவரே உயிரித் தகவலியலாளர். உயிரியல், கணிதம், கணினி அறிவியல் ஆகிய மூன்றும் கூடும் இடத்தில் அமைந்த அவரது பணியை, 2011ஆம் ஆண்டு ஜெர்மனியில் நிகழ்ந்த நோய்ப்பரவல் ஒன்றின் வழியாக இப்பாடம் விளக்குகிறது.

திகைக்க வைத்த நோய்

2011ஆம் ஆண்டு மே மாதம் வட ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலும் சுற்றுப்பகுதிகளிலும் பலர் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்குடன் மருத்துவமனைகளை நாடினர். அவர்களுள் சிலருக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்தன, சிறுநீரகம் செயலிழந்தது. இவ்வகைச் சிறுநீரகப் பாதிப்பு பெரும்பாலும் குழந்தைகளுக்கே வருவது வழக்கம். அம்முறையோ பாதிக்கப்பட்டோருள் பெரும்பாலோர் வயதுவந்தோர். அவர்களிலும் பெண்களே மிகுதி.

எஸ்செரிச்சியா கோலை என்னும் பாக்டீரியாவே நோய்க்குக் காரணம் என்பது விரைவில் தெரிந்தது. ஈ.கோலை எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இது மனிதக் குடலில் இயல்பாகவே வாழ்வது. இதன் வகைகளுள் பல தீங்கற்றவை; சில மட்டுமே கொடியவை. ஜெர்மனியில் பரவியது ஓ104:ஹெச்4 என்னும் அரிய வகை. ஜூலை இறுதியில் நோய் ஓய்வதற்குள் அந்நாட்டில் 3,800க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 800க்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டது. 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

வெள்ளரியின்மேல் விழுந்த பழி

நோயாளிகள் எதை உண்டனர் என்று வினவியபோது தக்காளி, வெள்ளரி முதலிய பச்சைக் காய்கறிகளைப் பலர் குறிப்பிட்டனர். மே இறுதியில், ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்த வெள்ளரிக்காய்களில் நச்சு சுரக்கும் ஈ.கோலை இருப்பதாக அறிவிக்கப்பட்டது. ஐரோப்பிய மக்கள் வெள்ளரி வாங்குவதை நிறுத்தினர். விளைந்த காய்கள் விற்பாரின்றி வீணாயின.

சில நாள்களிலேயே உண்மை வெளிப்பட்டது. வெள்ளரியில் இருந்ததும் ஈ.கோலைதான், ஆனால் நோயாளிகளின் உடலில் காணப்பட்ட வகை அன்று. பெயர் ஒன்று, கிருமி வேறு. ஆயினும் உழவர் இழந்ததை அத்தெளிவு மீட்டுத் தரவில்லை. காய்கறி உழவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 20 கோடி யூரோவுக்கும் மேற்பட்ட தொகையை இழப்பீடாக வழங்க நேர்ந்தது. ஒரே பெயருடைய கிருமிகளை வேறுபடுத்தி அறிவது ஏன் இன்றியமையாதது என்பதை இந்நிகழ்வு காட்டியது.

ஏடுகளை ஒப்பிடும் கலை

அவ்வேறுபாட்டை அறிய உதவுவது மரபணுத் தொகுதி. உயிரின் மரபுச் செய்தி ஏ, டி, ஜி, சி என்னும் நான்கு எழுத்துகளால் குறிக்கப்படுகிறது. அந்த ஈ.கோலையின் ஏட்டில் இருந்தவை ஏறத்தாழ 53 இலட்சம் எழுத்துகள். வரிசைப்படுத்தும் கருவி அவற்றைத் தொடர்ச்சியாகப் படித்துத் தரவில்லை; இலட்சக்கணக்கான சிறுசிறு துண்டுகளாகவே தந்தது. ஒரு துண்டின் முடிவும் மற்றொன்றின் தொடக்கமும் ஒத்திருப்பதைக் கண்டு, அவற்றைக் கணினி நிரல்களால் இணைத்து முழுமையாக்குவது உயிரித் தகவலியலாளரின் முதற்பணி.

அடுத்த பணி ஒப்பிடுதல். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த அறிஞர்கள் பின்பற்றிய முறையை இது நினைவூட்டும். சுவடியைப் பெயர்த்தெழுதுபவர் ஓரிடத்தில் பிழை செய்தால், அவரது படியைப் பார்த்து எழுதிய படிகளிலும் அப்பிழை தொடரும். ஆகவே, ஒரே பிழைகளைக் கொண்ட இரு சுவடிகள் ஒரே மூலத்திலிருந்து வந்தவை எனக் கருதலாம். கிருமியும் தன்னைப் படியெடுத்தே பெருகுகிறது. அப்போது அரிதாக ஓர் எழுத்து மாறும். அம்மாற்றம் வழித்தோன்றல்களுக்கும் செல்லும். இரு நோயாளிகளின் கிருமிகளுக்கிடையே எழுத்து வேறுபாடு மிகச் சிலவே எனில், அவை அண்மையில் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை; பல எனில் தொலைவு உறவின. இவ்வாறு கிருமிகளின் கால்வழி வரையப்படுகிறது.

உலகம் கூடிப் படித்த ஏடு

ஹாம்பர்க் பல்கலைக்கழக மருத்துவமனை, நோயாளி ஒருவரின் உடலிலிருந்து பெற்ற கிருமியின் டி.என்.ஏ.வைச் சீனாவின் ஷென்சென் நகரிலுள்ள ஆய்வு நிறுவனத்திற்கு அனுப்பியது. வரிசைப்படுத்திக் கிடைத்த தரவுகள் 2011 ஜூன் 2ஆம் நாள் இணையத்தில் அனைவருக்கும் பொதுவாக வெளியிடப்பட்டன. ஒரு நாளுக்குள் துண்டுகள் இணைக்கப்பட்டன. பல நாடுகளின் அறிஞர்கள் தத்தம் இடத்திலிருந்தே ஆய்ந்து, கண்டவற்றை உடனுக்குடன் பகிர்ந்தனர்.

ஒரு வாரத்திற்குள் கிருமியின் இயல்பு புலனாயிற்று. குடற்சுவரில் கூட்டமாக ஒட்டிக்கொள்ளும் ஈ.கோலை மரபைச் சேர்ந்தது அது. பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரஸ் ஒன்றின் வழியாக, ஷிகா நச்சை உருவாக்கும் மரபணுவை அது பெற்றிருந்தது. எதிர்நுண்ணுயிரி மருந்துகள் சிலவற்றை எதிர்க்கும் மரபணுக்களும் அதனிடம் இருந்தன. ஒட்டும் திறனும் நச்சும் ஒன்றுசேர்ந்ததே அதன் கொடுமைக்கு விளக்கமாக அமைந்தது.

தெரிந்து தெளிவோம்

சீதபேதியை உண்டாக்கும் பாக்டீரியாவை 1897ஆம் ஆண்டு கண்டறிந்தவர் ஜப்பானிய அறிஞர் கியோஷி ஷிகா. ஷிகெல்லா என்னும் பாக்டீரியா இனத்தின் பெயரும் ஷிகா நச்சு என்னும் பெயரும் அவர் நினைவாக அமைந்தவை.

ஏடு சொல்லாதது

கிருமி எத்தகையது என்பதை ஏடு சொன்னது. எந்த உணவில் வந்தது என்பதைச் சொல்லவில்லை. அதனைக் கண்டவர்கள் களப்பணியாளர்கள். உணவகம் ஒன்றில் உண்டவர்களின் நினைவை மட்டும் நம்பாமல், அவர்கள் பெற்ற உணவுகள் எவை, ஒவ்வொன்றிலும் சேர்க்கப்பட்ட பொருள்கள் எவை எனச் சமையற்காரர்களிடம் கேட்டறிந்தனர். உணவின்மேல் சிறிதளவே தூவப்பட்ட முளைவிட்ட விதைகளைப் பலர் நினைவில் கொள்ளவில்லை. ஆனால் அவற்றை உண்டவர்களிடமே நோய் பன்மடங்கு மிகுதியாக இருந்தது. ஜூன் 10ஆம் நாள் முளைவிட்ட விதைகளே காரணம் என அறிவிக்கப்பட்டது.

ஜூன் இறுதியில் பிரான்சின் போர்தோ நகரின் அருகிலும் அதே வகைக் கிருமி சிலரைத் தாக்கியது. அவர்களும் முளைவிட்ட விதைகளை உண்டிருந்தனர். இரு நாடுகளின் விதை வணிக ஆவணங்களையும் பின்தொடர்ந்தபோது, எகிப்திலிருந்து இறக்குமதியான வெந்தயமே பொதுவான இணைப்பாகத் தோன்றியது. எனினும் வெந்தய விதைகளிலிருந்து அக்கிருமியைப் பிரித்தெடுக்க இயலவில்லை. ஆகவே, ‘பெரிதும் வாய்ப்புள்ள மூலம்’ என்ற அளவிலேயே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதனைக் குறிப்பிட்டது.

பின்னர் இரு நாடுகளின் கிருமிகளும் எழுத்தெழுத்தாக ஒப்பிடப்பட்டன. அவை நெருங்கிய உறவின என்பது உறுதியானது. ஆனால் ஆயிரக்கணக்கானோரைத் தாக்கிய ஜெர்மனியின் கிருமிகளிடையே இருந்த வேறுபாட்டைவிட, சிலரையே தாக்கிய பிரான்சின் கிருமிகளிடையே வேறுபாடு மிகுந்திருந்தது. பரவலின் வரலாறு எண்ணியதைவிடச் சிக்கலானது என்பதையும் ஏடே உணர்த்தியது.

அளந்து பேசும் அறம்

‘ஒத்திருக்கிறது’ என்பது வேறு. ‘இதுவே காரணம்’ என்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்துச் சொல்வதே உயிரித் தகவலியலாளரின் அறம். நோயாளி நோயுற்ற நாள், மாதிரி எடுத்த இடம், அவர் உண்ட உணவு ஆகிய குறிப்புகள் இல்லையெனில் 53 இலட்சம் எழுத்துகளும் பயன் குன்றும். காலம் தாழ்த்தினால் உயிர்கள் போகும். அவசரப்பட்டால் குற்றமற்றோரின் வாழ்வாதாரம் போகும். இவ்விரண்டிற்கும் நடுவே நின்று, சான்று காட்டும் அளவிற்கே பேச வேண்டியவர் அவர்.

அமெரிக்காவில் உணவுவழி நோய்களைக் கண்காணிக்கும் பல்ஸ்நெட் அமைப்பு, முழு மரபணுத் தொகுதியை ஒப்பிடும் முறைக்கு 2019இல் மாறியது. கொரோனா வைரஸின் மாற்றங்களைக் கண்காணிக்க இந்தியாவில் 2020 டிசம்பரில் ஆய்வகக் கூட்டமைப்பு உருவாக்கப்பட்டது. 2021இல் சென்னையில் தமிழ்நாடு அரசின் மரபணு வரிசைப்படுத்தும் ஆய்வகம் தொடங்கப்பட்டது. இத்தகைய இடங்களில் பணிபுரிவோரை நோயாளிகள் காண்பதில்லை. ஆனால் அவர்கள் எழுதும் ஒரு வரியால் ஒரு சந்தை மூடப்படலாம். ஒரு நோய் தடுக்கப்படலாம். அந்த வரி துல்லியமாக அமைவதே அவர்கள் மக்களுக்குச் செய்யும் தொண்டு.

கற்பவை கற்றபின்...

1. ஏட்டுச்சுவடிப் பதிப்புக்கும் மரபணுத் தொகுதி ஒப்பீட்டுக்கும் உள்ள ஒற்றுமைகளை அட்டவணைப்படுத்துக.

2. ‘நோய்ப்பரவலின்போது விரைவே முதன்மையானது’ – ‘துல்லியமே முதன்மையானது’ என்னும் தலைப்புகளில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

3. உணவுவழி நோய்களைத் தடுக்கும் வழிமுறைகள் குறித்து உங்கள் பகுதிச் சுகாதார ஆய்வாளரிடம் நேர்காணல் நடத்தித் தொகுத்து எழுதுக.