கையெழுத்துப் போடும் முன் கானைப் பாருங்கள்



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். புது வீடு கட்டுவது ஒருபுறம் இருக்கட்டும். இருக்கிற காம்பராவுக்குக் கூரை மாற்றி, இஸ்தோப்பை அடைத்து, குசினிக்குச் சீமெந்து போட்டு முடிப்பதற்குள்ளேயே நம்மில் பலருக்குப் போதும் போதும் என்றாகி விடுகிறது.

பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலே, கூரை மாற்றிய லயம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தோம். கூரை பளபள என்று இருந்தது. ஆனால் கொழுந்தெடுத்து வந்து கூடையை இறக்கிய ஓர் அக்கா எங்களைக் கையோடு லயத்துக்குப் பின்னால் கூட்டிப் போனார். பின்கான் நிறைய உடைந்த ஷீட்டுத் துண்டும், காய்ந்து இறுகிய சாந்தும், வளைந்த ஆணியும் கிடந்தன. "பாஸ்மார் வேலை முடிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அன்னையிலேருந்துதான் எங்களுக்கு வேலை ஆரம்பிச்சிச்சு" என்றார். முதல் பெருமழைக்கே கான் அடைத்துத் தண்ணீர் குசினிக்குள் வந்து விட்டதாம். வீட்டுக்காரர் அதற்கு முன்பே "வேலை திருப்தி" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

இந்த இதழில் நாம் படிக்கப் போகும் பாடம் இதுதான்: குப்பையை அள்ளுவதும் வேலையில் ஒரு பங்கு. கூரை ஒழுகாமல், கான் தடையில்லாமல் ஓடி, பிள்ளை வெறுங்காலோடு முற்றத்தில் நடக்க முடிந்தால்தான் வேலை முடிந்தது. அதுவரை முடியவில்லை.

1. தொடங்கும் முன்பே பேசிக் கொள்ளுங்கள்

தோட்டத்திலே ஒரு கஷ்டம் உண்டு. காலையில் பெரட்டுக்குப் போனால் பொழுது சாயத்தான் வீடு திரும்புகிறோம். பாஸ்மார் வேலை செய்வதோ அந்த நேரத்தில்தான். எனவே என்ன நடக்கிறது என்று பார்க்க வீட்டில் ஆள் இருப்பதில்லை. ஆகவே ஒரு லயத்தில் வேலை நடந்தால், அந்த லயத்தார் முறை வைத்து ஒரு பெரியவரையாவது பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள். அவர் வேலை சொல்லித்தர வேண்டியதில்லை. பார்த்துக் கொண்டிருந்தாலே பாதிக் குறை குறையும்.

வேலைக்கு முன்பே மூன்று விஷயங்களைக் கேட்டு, ஒரு கொப்பியில் எழுதிக் கொள்ளுங்கள். பழைய சாமான் யாருக்கு? குப்பையை எங்கே கொட்டுவது, யார் சுமப்பது? சாந்து குழைப்பது எந்த இடத்தில்? சொந்தக் காசில் செய்யும் வேலையானால் கூலியை ஒரேயடியாகக் கொடுத்து விடாமல், ஒரு பங்கைச் சுத்தம் செய்த பிறகு தருவதாகப் பேசிக் கொள்ளுங்கள். பெரிய கட்டட ஒப்பந்தங்களிலும் இப்படி ஒரு தொகையை நிறுத்தி வைத்து, குறை தீர்ந்த பிறகே கொடுக்கிறார்கள். இது அவநம்பிக்கை அல்ல, முறை.

2. பழைய ஷீட்டைக் கழற்றும்போது

நமது லயங்கள் பலவற்றில் பழைய தகரத்தைக் கழற்றிவிட்டு அஸ்பெஸ்டஸ் ஷீட் போட்டார்கள். இப்போது அந்த ஷீட்டும் பழையதாகி, உடைந்து, மாற்றும் நிலைக்கு வந்திருக்கிறது. இங்கேதான் அதிக கவனம் வேண்டும்.

அஸ்பெஸ்டஸ் என்பது கல்லிலிருந்து எடுக்கும் நார். உடையாமல் கூரையில் கிடக்கும் ஷீட்டைக் கண்டு பயப்படத் தேவையில்லை. அதை அறுத்தால், துளைத்தால், உடைத்தால், கம்பிப் பிரஷ்ஷால் பாசி சுரண்டினால் கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும். மூச்சோடு உள்ளே போன நார் வெளியே வராமல் நுரையீரலில் தங்கலாம். நோய் உடனே வராது. பெரும்பாலும் இருபது முப்பது வருஷம் கழித்துத்தான் வரும். ஆகவேதான் "எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே" என்று நினைத்து விடுகிறோம். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நமது நாட்டில் நீல அஸ்பெஸ்டஸ் 1987இல் தடை செய்யப்பட்டது. அதன் பின்பும் கூரைகளுக்கு வந்தது வெள்ளை அஸ்பெஸ்டஸ்.

இந்தச் சங்கதி நமது கொழுந்தோடும் ஒருமுறை முடிச்சுப் போட்டுக் கொண்டது. 2018 ஜனவரி முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசாங்கம் எண்ணியிருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதி ஒன்றில் வண்டு இருந்ததாகச் சொல்லி, அஸ்பெஸ்டஸ் விற்கும் நாடான ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாடு தள்ளிப் போடப்பட்டது. தேயிலைத் தடையும் அந்த மாத முடிவிலேயே நீங்கியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று அப்போது பலரும் பேசிக் கொண்டார்கள். அது பெரிய இடத்து விவகாரம். நமது கையில் இருப்பது, நமது வீட்டுக் கூரையைக் கழற்றும் விதம்.

• வேலைக்கு முன் சோற்றுப்பானை, தண்ணீர்க் குடம், பாய், உடுப்பு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.
• ஷீட்டின் மேல் நேராகக் கால் வைத்து ஏற வேண்டாம். பழைய ஷீட் திடீரென முறியும். பலகை போட்டு அதன் மேல்தான் நிற்க வேண்டும்.
• முதலில் தண்ணீர் தெளித்து நனையுங்கள். நனைந்த ஷீட்டிலிருந்து தூசி குறைவாகவே பறக்கும். ஆனால் நனைந்தால் வழுக்கும். கூரையில் ஆள் நிற்கும்போது கவனம்.
• ஆணியைக் கழற்றி முழு ஷீட்டாகக் கைக்குக் கை இறக்குங்கள். மேலிருந்து வீசக் கூடாது.
• விழுந்த தூளைக் காய்ந்த தும்புத்தடியால் கூட்டாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பைக்குள் போட்டுக் கட்டி விடுங்கள்.
• மூக்கில் துண்டைக் கட்டினால் அந்த நாரைத் தடுக்காது. அதற்கென்று உள்ள முகமூடி வேண்டும். வேலை கொடுப்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.
• வேலை உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். உதறவும் வேண்டாம்.

உடைந்த துண்டுகளைத் தடித்த பொலித்தீனில் சுற்றி, நிர்வாகம் காட்டும் இடத்தில் ஆழமாகப் புதைக்க வேண்டும். பாதைக்குப் போடுவது, பாத்திக்கு வரம்பு கட்டுவது, அடுப்படிக்கு மறைப்பு வைப்பது எல்லாம் கூடாது. பழைய தகரம் வேறு. கோழிக்கூட்டுக்கும் விறகுக் கொட்டிலுக்கும் அதைத் தாராளமாகப் பாவிக்கலாம்.

3. சீமெந்தும் ஆணியும்

ஈரச் சீமெந்து தோலைச் சுடும். வெறுங்கையால் அள்ளினால் கொஞ்ச நேரத்தில் எரிவு தெரியாது, இரவில்தான் தெரியும். பட்ட இடத்தை உடனே நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். சுண்ணாம்போ சீமெந்தோ கண்ணில் விழுந்தால் கசக்காமல், கால் மணி நேரமாவது பீலித் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவி, நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.

நிலத்தில் தெறித்த சாந்தை ஈரமாக இருக்கும்போதே சாக்கால் துடைத்தால் போய் விடும். காய்ந்து விட்டால் மரத்துண்டால் சுரண்டுங்கள். தரை ஓட்டின் மேல் வெள்ளையாகப் படிந்த சீமெந்துக்குத் தண்ணீர் கலந்த வினாகிரியால் துடைத்துப் பின் கழுவலாம். ஆனால் வினாகிரி, அசிட் போன்றவற்றோடு குளோரின் தூளைக் கலக்கவே கூடாது. அதில் எழும் புகை மூச்சை அடைக்கும்.

சாந்து கழுவிய தண்ணீரைத் தேயிலை ஓரத்தில் ஊற்றாதீர்கள். தேயிலைச் செடிக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். சீமெந்தும் சுண்ணாம்பும் அந்தப் புளிப்பை முறித்து விடும்.

ஆணியைப் பொறுக்க ஒரு டின்னை வையுங்கள். பிள்ளைகளிடம் வேலையை விடாமல் பெரியவர்களே பொறுக்குங்கள். துருப்பிடித்த ஆணி குத்தினால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஏற்பு ஊசி போட வேண்டுமா என்று வைத்தியசாலையில் கேளுங்கள். பெயின்ட் டின், பெயின்ட் வாளி ஆகியவற்றைக் கவிழ்த்து வைக்காமல் விட்டால் மழைத் தண்ணீர் தேங்கி, ஒரு கிழமை பத்து நாளில் டெங்கு நுளம்பு பறக்கத் தொடங்கி விடும். அந்த வாளியில் குடிதண்ணீர் பிடிக்கவும் கூடாது. பொலித்தீன், குழாய்த் துண்டு, பெயின்ட் பூசிய பலகை இவற்றை அடுப்பில் எரிக்க வேண்டாம்.

4. கான் அடைந்தால்

கான் அடைபட்டதைச் சின்னக் குறையாக எண்ணாதீர்கள். ஊவா மலைச்சரிவில் தண்ணீர் போக வழியில்லாமல் மண்ணுக்குள் இறங்குவது எப்போதும் ஆபத்து. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் யாரும் மறக்க மாட்டோம். அத்தனை பெரிய சரிவு ஒரு வீட்டுக் குப்பையால் வந்ததென்று நாம் சொல்லவில்லை. ஆனால் மழைத் தண்ணீரைச் சரியான வழியில் விடுவது நமது உயிரைக் காக்கும் வேலைகளில் ஒன்று என்று சொல்கிறோம். அதனால் லயத்துக்குப் பின்னால் மண்மேட்டை வெட்டி இடம் பெருக்குவதும், வெட்டிய மண்ணைச் சரிவில் கொட்டுவதும் வேண்டாம். நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, திடீரென்று புது ஊற்று, கலங்கிய தண்ணீர், சாய்ந்து வரும் மரம் இவற்றைக் கண்டால் பூசி மறைக்காமல் உடனே நிர்வாகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள்.

5. கையெழுத்துக்கு முன் ஒரு சுற்று

இந்தச் சோதனைகளுக்குப் படிப்பும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

• நடுப்பகலில் கதவைச் சாத்திக் கொண்டு மேலே பாருங்கள். வெளிச்சப் புள்ளி தெரியும் இடத்தில் மழையும் வரும்.
• கூரை ஆணி ஷீட்டின் மேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளத்தில் அடித்த ஆணி வழியாகத் தண்ணீர் இறங்கும்.
• குசினி நிலத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். வெளியே ஓட வேண்டும். மூலையில் தேங்கக் கூடாது.
• பூசிய சுவரைக் காசால் தட்டுங்கள். பொக்கென்று சத்தம் வந்தால் பூச்சு ஒட்டவில்லை.
• கதவையும் ஜன்னலையும் நாலு தரம் திறந்து மூடுங்கள்.
• அடுப்புப் புகை போக வழி விட்டிருக்கிறார்களா? புதுக் கூரை போடும் அவசரத்தில் இதை மறந்து விடுகிறார்கள்.
• பின்கானில் மேலிருந்து ஒரு வாளி தண்ணீர் விட்டு, கீழே வந்து சேருகிறதா என்று பாருங்கள்.

இந்தச் சுற்றில் வீட்டுப் பெண்களும் கட்டாயம் வர வேண்டும். குசினியில் நிற்பவருக்குத்தான் குசினியின் குறை தெரியும்.

இன்னொன்று. புதுச் சீமெந்து நிலத்தையும் பூச்சையும் ஏழு நாளாவது ஈரமாக வைத்திருக்க வேண்டும். நமது ஊவாவிலே கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் தேயிலைக்கு வாசம் ஏறும். ஆனால் சீமெந்து சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். ஈரச் சாக்குப் போட்டுக் காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். தண்ணீர் தெளிக்காமல் வெடித்த நிலத்துக்குப் பாஸ் மேல் பழி போடுவது நியாயமில்லை.

6. குறையை எப்படிச் சொல்வது?

சண்டை பிடித்தால் வேலை நடக்காது. சும்மா இருந்தாலும் நடக்காது. "பாஸ் அண்ணே, சுவர் வேலை நல்லா வந்திருக்கு. இந்த நாலு இடத்தை மட்டும் பார்த்துட்டு, கானையும் அள்ளிக் குடுத்துட்டுப் போங்க" என்று இடத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள். கொப்பியில் திகதியோடு எழுதி அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். தோட்டமோ வேறு நிறுவனமோ செய்து தரும் வேலையானால், அந்தப் பட்டியலின் ஒரு பிரதியை நலன்புரி உத்தியோகத்தரிடமும், தோட்டத்தில் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் இருந்தால் அங்கும் கொடுங்கள். கையெழுத்துக் கேட்டால், "குறைகள் இன்னும் உண்டு" என்று எழுதி அதன் கீழ் கையெழுத்திடுங்கள். தமிழிலேயே எழுதலாம். வாசிக்கத் தெரியாத தாளில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். பிள்ளைகளை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

"சும்மா கிடைச்ச கூரைதானே, என்னத்தைக் கேக்கிறது?" என்று சிலர் சொல்வதுண்டு. சும்மா கிடைக்கவில்லை, உறவுகளே. தலைமுறை தலைமுறையாக இந்த மலையில் நாம் சிந்திய உழைப்பு அதிலே இருக்கிறது.

நாங்கள் பார்த்த அந்த லயத்தார் பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, கானை அள்ளிச் சுத்தம் செய்தார்கள். ஷீட்டுத் துண்டுகளை நனைத்துப் பொதி கட்டி வைத்தார்கள். அதைப் புதைக்க நிர்வாகத்திடம் இடம் கேட்டு வாங்கினார்கள். அடுத்த லயத்துக்கு பாஸ்மார் வந்தபோது, குப்பை எங்கே போடுவது என்று அவர்களாகவே முதலில் கேட்டார்களாம்.

சங்கக் கூட்டத்தில் பேசிப் பார்க்க

1. நமது லயத்தில் கடைசியாக நடந்த வேலையின் குப்பை இப்போது எங்கே இருக்கிறது?
2. உடைந்த அஸ்பெஸ்டஸ் ஷீட்டைப் புதைக்க நமது தோட்டத்தில் இடம் குறிக்கப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால் யாரிடம் கேட்பது?
3. பகலில் வேலையைப் பார்த்துக் கொள்ள நமது லயத்தில் யார் யார் முறை எடுக்கலாம்?
4. மழை தொடங்கும் முன் எந்தெந்தக் கான்களை அள்ள வேண்டும்?