மாடிப்படி லைட்டும் மூன்று ஒயரும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாடிப்படி சுவிட்சை நீயே மாற்றினாய் என்று அண்ணி சொன்னபோது எனக்குச் சந்தோஷம்தான். பழையதைக் கழற்றுமுன் போனில் ஒரு படம் எடுத்து வைத்திருக்கலாம், அவ்வளவுதான். போகட்டும். கீழ் சுவிட்ச் ஒரு பக்கம் இருக்கும்போது மட்டும்தான் மேல் சுவிட்ச் வேலை செய்கிறது, மறுபக்கம் தட்டிவிட்டால் மேலே என்ன செய்தாலும் எரியவில்லை என்று எழுதியிருந்தாய். பல்பையும் ஹோல்டரையும் விட்டுவிடு. கோளாறு நீ மாற்றிய கீழ் சுவிட்சின் பெட்டிக்குள்தான்.

டூ வே சுவிட்சுக்கு மூன்று முனை. ஒன்று காமன், மற்ற இரண்டும் மாடிக்கு ஓடும் ஜோடி ஒயர்களுக்கு. கீழே காமனில் பேஸ் வந்து சேரும். மேல் சுவிட்சின் காமனிலிருந்து பல்புக்குப் போகும். தட்டும்போதெல்லாம் காமன் ஜோடியில் ஒன்றை விட்டு மற்றதைப் பிடிக்கிறது. இரண்டு சுவிட்சும் ஒரே ஒயரைப் பிடித்தால் எரியும், ஆளுக்கொன்றைப் பிடித்தால் அணையும். நீ பேஸை ஓர முனையில் முடுக்கிவிட்டு, ஜோடியில் ஒன்றைக் காமனில் கொடுத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். அப்படியானால் ஒரு நிலையில் பேஸ் ஒரு ஒயருக்குப் போகும். மறு நிலையில் எதற்குமே போகாது. ஜோடியில் ஒன்று திருகில் சரியாகச் சிக்காமல் இருந்தாலும் இதே கதைதான். அதனால் முதலில் மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொரு ஒயரையும் மெல்ல இழுத்துப் பார்.

மெயின் என்றதும் ஒன்று. உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. மெயினை இறக்கினாலும் மாடிப்படி லைட் அதன் லைனில் இருந்தால் பெட்டிக்குள் 230 வோல்ட் அப்படியே நிற்கும். இன்வெர்ட்டரையும் அணை. பிறகு டெஸ்டர் வைத்துப் பார். மெயினை அணைக்குமுன்பே அந்த டெஸ்டர் எரிகிறதா என்று வேறொரு பிளக்கில் பார்த்துக்கொள். செத்த டெஸ்டரை நம்பிக் கை வைப்பவர்கள் நிறைய.

எதுவும் கழன்றிருக்கவில்லை என்றால் மூன்றையும் கழற்றி, ஒன்றையொன்று தொடாதபடி விலக்கி வை. அப்பா மெயின் பக்கத்தில் நிற்கட்டும். கரண்டைப் போட்டு, டெஸ்டர் முனையால் மட்டும் தொட்டுப் பார். நன்றாக எரிவது பேஸ். பக்கத்து ஒயரில் மங்கலாகத் தெரிந்தால் அது சும்மா தூண்டல், ஏமாறாதே. எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பேஸைக் காமனில் மாட்டு. நம்மூர் மாடுலர் சுவிட்சுகளில் பெரும்பாலும் நடு முனைதான் காமன். ஆனாலும் முதுகில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துக்கொள். ஜோடி ஒயர்கள் எந்தப் பக்கம் மாறினாலும் பரவாயில்லை.

நிறத்தை மட்டும் நம்பி இறங்காதே. நீ பார்த்த வீடியோ அமெரிக்காவில் எடுத்தது என்கிறாய். அங்கே கறுப்பு பேஸ், வெள்ளை நியூட்ரல். இங்கே கறுப்பு நியூட்ரல். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ். ஐரோப்பாவிலோ நீலம் நியூட்ரல். உங்கள் வீட்டில் ஒயர் போட்ட ஆள் கையில் இருந்த நிறத்தைப் போட்டிருந்தால் இதுவும் உதவாது.

அதே போர்டில் ஃபேன் ஓடவில்லை என்றும் சொன்னாய். அது தனிக் கோளாறு அல்ல. பழைய சுவிட்சின் காமன் முனையில் இரண்டு ஒயர் சேர்ந்து இருந்திருக்கும். ஒன்று பக்கத்து ஃபேன் சுவிட்சுக்குப் போகும் லூப். அது இப்போது வெளியே தொங்கிக்கொண்டிருக்கும், தேடிப் பார். தொங்கும் செம்பைத் தொட்டுவிடாதே.

எல்லாம் மாட்டிய பிறகும் எல்.இ.டி. பல்பு அணைத்த நிலையில் மினுக்கினால் உடனே பயப்பட வேண்டாம். ஜோடி ஒயர்கள் நீளமாக ஒட்டி ஓடும் இடங்களில் அப்படி நடக்கும். ஆனால் அணைத்த நிலையில் ஹோல்டரில் டெஸ்டர் பளிச்சென்று எரிந்தால் சுவிட்ச் நியூட்ரலைத்தான் வெட்டுகிறது என்று பொருள். சுவிட்ச் சூடானாலும், இரைந்தாலும், எம்.சி.பி. விழுந்தாலும் எங்கோ கோளாறு இருக்கிறது. அதற்குமேல் நீ கை வைக்க வேண்டாம். மெயினை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு.

அன்புடன்,
சித்தப்பா