பசை பாட்டிலைத் திறக்கும் முன்

ஆன்லைனில் பழைய கிடாரை வாங்கி, பெட்டியைப் பிரித்தபின் அதில் விரிசலையோ உடைப்பையோ கண்டு, என்னிடம் தூக்கிக்கொண்டு வரும் பிள்ளைகள் இப்போது அதிகம். புதிது வாங்க வசதியில்லாத வீட்டிலும் இப்படி ஒரு கிடார் நுழைகிறதே என்று எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் என் பழுதுபார்க்கும் மேஜைக்கு வருகிறவற்றில் பலவற்றை உடைப்பைவிட, உடைந்த பிறகு அவசரமாகப் போட்ட பசைதான் கெடுத்திருக்கிறது. அதனால் கீழே சொல்வதெல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றி வரும். நீங்கள் இன்று செய்யும் வேலையை, நாளை இன்னொருவர் பிரித்துச் சரிசெய்ய வழி இருக்க வேண்டும்.

1. காசு அனுப்பும் முன் படம் கேட்டு வாங்குங்கள். விற்பவர் போடும் படங்கள் பெரும்பாலும் முன்பக்கத்திலிருந்து எடுத்தவை. பளபளப்பு தெரியும், பழுது தெரியாது. தந்தி முறுக்கும் ஆணிகள் இருக்கும் ஹெட்ஸ்டாக் கழுத்தோடு சேரும் இடத்தைப் பின்பக்கமிருந்து ஒரு படம். தந்திகளை உடலில் பிடித்திருக்கும் பிரிட்ஜைப் பக்கவாட்டில், தரைமட்டத்தில் கேமராவை வைத்து ஒரு படம். கழுத்தின் அடிப்பகுதி உடலோடு சேரும் இடம் ஒன்று. பன்னிரண்டாவது ஃபிரெட்டின் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, ஆறாவது தந்தி எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது என்று காட்டும் படம் ஒன்று. இந்தக் கடைசிப் படம்தான் அதிகம் பேசும். ஸ்டீல் தந்திக் கிடார் என்றால், இரண்டரை மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் நலம். நான்கைத் தாண்டினால் கழுத்தோ மேல்பலகையோ நகர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. ‘சின்ன செட்டிங் பண்ணினால் போதும்’ என்று எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள்.

விற்பவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். அனுப்பும் முன் தந்திகளைப் பாதிக்குமேல் தளர்த்தி, ஹெட்ஸ்டாக்கைச் சுற்றிக் கசக்கிய காகிதத்தை நெருக்கமாகத் திணிக்கச் சொல்லுங்கள். தந்தி இறுக்கமாக இருக்கும் பெட்டி ஒருமுறை கீழே விழுந்தால் போதும், கழுத்தின் தலைமாட்டில் தந்திகள் உட்காரும் நட்டுக்குப் பின்னால் மரம் பிளந்துவிடும். பெட்டியைத் திறக்கும்போது ஆரம்பத்திலிருந்தே வீடியோ எடுத்து வையுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்கும் நிலை வந்தால் அதுதான் சாட்சி.

2. கிடார் கைக்கு வந்ததும், சத்தம் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று சுருதி கூட்டாதீர்கள். 12-53 கனமுள்ள சாதாரண லைட் செட் ஸ்டீல் தந்தியை முழுச் சுருதிக்கு ஏற்றினால், ஆறு தந்தியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்குவது மூன்று மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத ஒரு பலகை. எங்காவது விரிசல் இருந்தால் அது உங்கள் கண்ணெதிரே நீளும். முதலில் எல்லாத் தந்தியையும் தளர்த்துங்கள். பார்வையிடுவதெல்லாம் பிறகு.

3. அது ஸ்டீல் தந்திக்கான கிடாரா, நைலான் தந்திக்கான கிளாசிக்கல் கிடாரா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய கிடார் விற்பவர்களில் பலருக்கே இது தெரியாது. ஹெட்ஸ்டாக்கில் நீளமான இரண்டு ஜன்னல் வெட்டி, தந்தி சுற்றும் உருளைகள் அதற்குள் கிடந்தால், பிரிட்ஜில் பின் இல்லாமல் தந்தியை முடிச்சுப் போட்டிருந்தால், அது பெரும்பாலும் கிளாசிக்கல். நைலான் செட்டின் இழுப்பு ஏறத்தாழ 40 கிலோதான். உள்ளே இருக்கும் தாங்குகட்டைகளும் அதற்கேற்ப விசிறி போலப் பரப்பி மெல்லியதாக வைக்கப்பட்டிருக்கும். அதில் ஸ்டீல் தந்தியை மாட்டிய புண்ணியவான்கள் நிறையப் பேர். பிரிட்ஜ் பிய்ந்து, மேல்பலகை தொப்பை போட்டு வரும் கிளாசிக்கல் கிடாரைப் பார்த்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன். அங்கே பிரிட்ஜை மட்டும் ஒட்டிக் கொடுத்துவிட்டு, மறுபடியும் ஸ்டீல் மாட்டினால் மறுபடியும் பிய்யும்.

4. ஒரு நாள் முழுக்கப் பாருங்கள், எதையும் செய்யாதீர்கள். ஒலித்துளைக்குள் சின்ன டார்ச்சை இறக்கி, பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற கண்ணாடியால் தாங்குகட்டைகளைப் பாருங்கள். அறையை இருட்டாக்கி உள்ளே விளக்கை வைத்தால், மேல்பலகையில் விரிசல் எங்கெங்கே ஓடுகிறது என்று வெளிச்சக் கோடாகத் தெரியும். விரல் முட்டியால் மேலேயும் பின்னேயும் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் மட்டும் சடசடவென்று அதிர்ந்தால் உள்ளே கட்டை பிரிந்திருக்கிறது. பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு சீட்டுக் காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். எவ்வளவு தூரம் உள்ளே போகிறதோ அவ்வளவு தூரம் ஒட்டு விட்டிருக்கிறது.

முழுமரமா பிளைவுட்டா என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளலாம். மேலே ஓடும் மரக்கோடுகள் ஒலித்துளையின் விளிம்பில் வளைந்து இறங்கினால் முழுமரம், விளிம்பில் அடுக்குகள் தெரிந்தால் பிளைவுட். பிளைவுட் என்று தெரிந்து மனம் ஒடிய வேண்டாம். ஆரம்பத்தில் கற்றுக்கொள்ள அது போதும், வெயிலையும் மழையையும் முழுமரத்தைவிட நன்றாகத் தாங்கும்.

5. விரிசலைக் கண்டவுடன் ஒட்டாதீர்கள், மரம் ஊர்த் தண்ணீருக்குப் பழகட்டும். டில்லிப் பக்கத்துக் காய்ந்த கோடையிலோ, வருடம் முழுக்க ஏசி ஓடிய அறையிலோ இருந்த கிடார் என்றால் மரம் காய்ந்து சுருங்கியிருக்கும். கழுத்தின் ஓரமாக விரலை ஓட்டிப் பாருங்கள். ஃபிரெட்டின் முனைகள் ரம்பம் மாதிரி உறுத்தினால், மரம் சுருங்கி உலோகம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கிடாருக்குப் பிடித்த ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். சென்னைக் காற்றில் அதைவிட அதிகமாகவே இருக்கும், அங்கே வெறுமனே வெளியே வைத்தாலே போதும். காற்று காய்ந்த இடமென்றால், உறைக்குள், ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் பிழிந்த ஸ்பாஞ்சை வைத்து மூடி, இரண்டு மூன்று வாரம் விட்டுவிடுங்கள். திறந்து கிடந்த விரிசல் மயிரிழையாக மூடிக்கொள்வதை நீங்களே பார்ப்பீர்கள். காய்ந்த நிலையிலேயே இடுக்கில் மரத்தூளும் பசையும் போட்டு நிரப்பினால், மழைக்காலத்தில் பலகை விரியும்போது அந்த நிரப்பலே ஆப்பாகிப் பக்கத்தில் புது விரிசலைக் கொண்டுவரும்.

மூடிய பிறகு விரல் நுனியால் பசையை இடுக்கில் தேய்த்து இறக்குங்கள். கீழே இன்னொரு கையால் பலகையை மெல்ல அசைத்தால் பசை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு தபால்தலை அளவில் மெல்லிய ஸ்பிரூஸ் துண்டுகளை, மரத்தின் ரேகைக்குக் குறுக்காக, உள்பக்கம் வரிசையாக ஒட்ட வேண்டும். கிளாம்ப் எட்டாத இடத்தில் உள்ளே ஒரு காந்தம், வெளியே ஒரு காந்தம் வைத்தால் தானாக அழுத்திப் பிடிக்கும்.

மேல்பலகையில் ஓட்டை என்றாலும் கிடாரின் ஆயுள் முடிந்துவிடாது. அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969-ல் கண்ணால் பார்க்காமலே வாங்கியது மார்ட்டின் என்-20 என்ற நைலான் தந்திக் கிடார். அதற்கு அவர் வைத்த பெயர் ட்ரிக்கர். பிக் கொண்டு வாசித்து வாசித்து ஒலித்துளைக்குப் பக்கத்தில் இன்னொரு பெரிய ஓட்டையே விழுந்துவிட்டது. ஆஸ்டின் நகரத்துக் கைவினைஞர் மார்க் எர்ல்வைன் பல பத்தாண்டுகளாக அதைப் பார்த்துப் பார்த்துப் பராமரித்தார். ஓட்டையை அடைக்கவில்லை, சுற்றியுள்ள மரத்தைத்தான் வலுப்படுத்தினார். எதைச் சரிசெய்வது, எதை விட்டுவைப்பது என்று தெரிந்த கை அது.

6. சூப்பர் குளூவை எடுத்து வேறு அறையில் வையுங்கள். நட்டை இடத்தில் நிறுத்த ஒரு சொட்டு வேண்டுமானால் சரி. உடைந்த கழுத்திலும், பிய்ந்த பிரிட்ஜிலும் அதை ஊற்றினால் மரத்தின் துளைகளை அடைத்துக் கண்ணாடியாக இறுகிவிடும். அதன்மேல் எந்த மரப்பசையும் பிடிக்காது. நான் இரும்புக் கத்தியால் மணிக்கணக்கில் சுரண்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இதைத்தான். தச்சர்கள் நாற்காலிக்குப் போடும் வெள்ளைப் பசையும் இங்கே ஆகாது. ஓயாத இழுப்பில் அது மெல்ல மெல்ல நழுவிக்கொடுக்கும். மஞ்சள் நிற மரப்பசை, அதாவது டைட்பாண்ட் ஒரிஜினல் வகை, வாங்கி வையுங்கள். காய்ந்தால் கெட்டியாக நிற்கும், பின்னால் சூடு காட்டினால் இளகிக்கொடுக்கும். வயலின், கிடார் செய்பவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோல்பசையைக் காய்ச்சியதும் இதே காரணத்துக்காகத்தான்.

7. ஹெட்ஸ்டாக் உடைந்து வந்தால் அழாதீர்கள். கூரியரில் வரும் கிடாரில் இதுதான் அதிகம் பார்க்கும் உடைப்பு, நன்றாகச் சரிசெய்தால் நிலைத்து நிற்பதும் இதுதான். ஹெட்ஸ்டாக் பின்னால் சாய்ந்திருப்பதால் அந்த வளைவில் மரத்தின் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டு ஓடுகிறது. போதாக்குறைக்கு கழுத்துக்குள் ஓடும் கம்பியான டிரஸ் ராடின் திருகுக்காக அங்கேயே பள்ளமும் பறித்திருப்பார்கள். உடைப்பு நீளமாகச் சாய்வாக ஓடியிருந்தால் பசை பிடிக்கும் பரப்பு அதிகம், பிழைத்துக்கொள்ளும். குட்டையாக, நேர்குறுக்காக முறிந்திருந்தால் பசை மட்டும் தாங்காது. உள்ளே கட்டை பதிக்க வேண்டும், அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

உடைந்த முகங்களை விரலால் தொடாதீர்கள், உப்புத்தாளால் தேய்க்கவே தேய்க்காதீர்கள். ஒவ்வொரு சிம்பும் எதிர்ப்பக்கத்தில் தன் இடத்துக்குத்தான் போய் உட்காரும். ஒன்றை ஒடித்தாலும் இடைவெளி விழும். டிரஸ் ராடைத் தளர்த்திவிட்டு, பசையில்லாமல் இரண்டு பாதியையும் சேர்த்துப் பாருங்கள். கோடு மறையவில்லை என்றால் எங்கோ ஒரு சிம்பு மடிந்து கிடக்கிறது. ஊசிமுனையால் நிமிர்த்துங்கள். பிறகு கிளாம்ப், அடியில் வைக்கும் கட்டை, கட்டை ஒட்டிக்கொள்ளாமலிருக்கப் பிளாஸ்டிக் தாள், ஈரத்துணி எல்லாவற்றையும் எடுத்து வைத்து, பசையில்லாமலே முழு வேலையையும் ஒருமுறை செய்து பழகுங்கள். மஞ்சள் பசை ஐந்து நிமிடத்தில் பிடிக்க ஆரம்பித்துவிடும், அப்போது கிளாம்பைத் தேடி ஓட முடியாது. பசையை இரண்டு முகத்திலும் மெல்லத் தடவி, டிரஸ் ராடுக்குள் போகாமல் பார்த்து, சேர்த்து, கிளாம்பை இறுக்குங்கள். ஓரமெங்கும் பசை முத்து முத்தாகக் கசிய வேண்டும். கசியாத இடத்தில் பசை போகவில்லை. துடைத்துவிட்டு ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். தந்தி மாட்டும்போதும் ஒரே மூச்சில் சுருதிக்கு ஏற்றாமல், இரண்டு மூன்று நாளில் படிப்படியாக ஏற்றுங்கள்.

8. பிரிட்ஜ் தூக்கிக்கொண்டிருந்தால், இடுக்கில் பசையைப் பிதுக்கி அழுத்துவது வேலைக்காகாது. உள்ளே பழைய பசையும் தூசியும் இருக்கிறது. முழுதாக எடுத்து, சுத்தம் செய்து, திரும்ப ஒட்ட வேண்டும். அதற்கு முன் பிரிட்ஜின் மேலே சிப்பிப் பொட்டு இருந்தால் சந்தேகப்படுங்கள், சிலவற்றில் அதனடியில் திருகு ஒளிந்திருக்கும். பிரிட்ஜைச் சுற்றி டேப் ஒட்டி அதன் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் மேல் ஃபிரெட்டுகளில் சுருதி விலகும். பிறகு பிரிட்ஜைச் சூடாக்கி, மெல்லிய தகட்டைப் பொறுமையாக நுழையுங்கள்.

எடுத்துப் பார்த்தால், மலிவான கிடார்களில் பாலிஷுக்கு மேலேயே பிரிட்ஜை ஒட்டியிருப்பார்கள். பிய்ந்ததற்குக் காரணம் அங்கேயே தெரியும். பிரிட்ஜ் உட்காரும் இடத்தில் பாலிஷைச் சுரண்டி வெறும் மரத்தைக் காட்ட வேண்டும். பிரிட்ஜ் பெரும்பாலும் ஈட்டி மரம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம் ஈட்டியைத்தான் உலகமெங்கும் கிடார் செய்பவர்கள் தேடுகிறார்கள். மார்ட்டின் நிறுவனம் பிரேசில் ஈட்டியிலிருந்து இந்திய ஈட்டிக்கு மாறியது 1969-ல். நல்ல மரம், ஆனால் எண்ணெய்ச் சத்து உள்ளது. ஒட்டுவதற்குச் சற்று முன்னால் அடிப்பக்கத்தைப் புதிதாகத் தேய்த்து, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்தால்தான் பசை பிடிக்கும். அசிட்டோன் பாலிஷில் பட்டால் பாலிஷ் போய்விடும், ஜாக்கிரதை.

9. தந்தி உயரத்தை வரிசைப்படி சரிசெய்யுங்கள்: கழுத்து, நட், கடைசியாக பிரிட்ஜில் தந்திகள் தங்கும் சாடில். முதல் ஃபிரெட்டிலும் பதினான்காவது ஃபிரெட்டிலும் ஆறாவது தந்தியை அழுத்திப் பிடித்தால், ஏழாவது ஃபிரெட்டின் மேல் கால் மில்லிமீட்டருக்குள் இடைவெளி தெரிய வேண்டும். மோட்டார் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் இதற்கு நன்றாக உதவும். டிரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் திருப்புக்கு மேல் திருப்பாதீர்கள். இறுகி நின்றால் விட்டுவிடுங்கள். சாடிலைக் கீழ்ப்பக்கத்தில் மட்டும் தேயுங்கள். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்க வேண்டுமென்றால் சாடிலில் இரண்டு மில்லிமீட்டர் எடுக்க வேண்டும். பென்சிலால் கோடு போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

10. ஃபிரெட்டுகளின் மேல் நீளமான ஸ்டீல் ஸ்கேலைப் படுக்கவைத்து பிரிட்ஜ் பக்கம் தள்ளுங்கள். ஸ்கேலின் முனை பிரிட்ஜ் மரத்தின் மேல்மட்டத்தை ஒட்டிப் போனால் கழுத்து நலம். பிரிட்ஜின் நெற்றியில் இடித்தால் கழுத்தின் கோணமே மாறிவிட்டது. அதைச் சாடிலைத் தேய்த்து மறைக்க முடியாது, கழுத்தைக் கழற்றித் திரும்பப் பொருத்த வேண்டும். அனுபவசாலிக்கே சிரமமான வேலை, மலிவான கிடாரின் விலையைவிடக் கூலி அதிகமாகும். அப்படிப்பட்ட கிடாரைப் பழகுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். தாங்குகட்டை ஒட்டவும் விரிசல் மூடவும் கை பழக அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

11. வேலை முடிந்ததும் ஒரு சின்னத் தாளில் எழுதி உறைக்குள் வையுங்கள்: எந்தத் தேதியில், எங்கே உடைந்திருந்தது, எந்தப் பசை போட்டீர்கள், துண்டுகள் எத்தனை வைத்தீர்கள். நாளை அதைத் திறப்பவர் தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. விற்கும் நாள் வந்தால் ஹெட்ஸ்டாக் உடைந்து ஒட்டியது என்று விளம்பரத்தின் முதல் வரியிலேயே போடுங்கள், ஒட்டிய இடத்தைக் கிட்டத்தில் எடுத்த படத்தோடு. விலை இறங்கும், இறங்கட்டும். வாங்குகிறவரும் உங்களைப் போல ஒரு பிள்ளையாகத்தான் இருப்பார்.