பம்பு வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு

சைக்கிளுக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று கொடுக்கிறீர்கள். பம்பு மட்டும் கடைக்காரர் கையில் எது அகப்பட்டதோ அது. இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் அது மூலைக்குப் போய்விடுகிறது. காலால் மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் அடிக்கிற பம்பைத்தான் சொல்கிறேன். அது அவ்வளவு சுலபமாகச் சாகிற சாமான் இல்லை. உள்ளே இருக்கும் இரண்டு மூன்று ரப்பரும் தோலும்தான் தேயும். அவற்றை மாற்ற வழி இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால், உங்கள் பிள்ளைகள் காலத்திலும் காற்றடிக்கலாம்.

1. கடைக்குப் போவதற்கு முன் குனிந்து உங்கள் சைக்கிளின் வால்வைப் பாருங்கள். நம் ஊர்ப் பழைய சைக்கிளில் இருப்பது வால்டியூப் என்கிற சின்ன ரப்பர் குழாய் போட்ட வால்வு. மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல் தடியாக இருந்தால் அது ஷ்ரேடர். மெலிந்து, நுனியில் திருகுகிற குட்டித் தலையோடு இருந்தால் பிரஸ்டா. வீட்டில் இரண்டு வகைச் சைக்கிள் இருந்தால் இரண்டுக்கும் பொருந்துகிற பம்பாகக் கேளுங்கள். பிரஸ்டாவுக்கான வாய் பெரும்பாலும் வால்டியூப் வால்வுக்கும் பிடித்துக்கொள்ளும்.

2. டயரின் பக்கத்தில் எவ்வளவு காற்று என்று அச்சிட்டிருக்கும். அந்த எண்தான் பம்பின் பருமனைத் தீர்மானிக்கிறது. இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 100 பிஎஸ்ஐ என்றால் (பெட்ரோல் பங்க்கில் ‘பாயிண்ட்’ என்கிறார்களே, அதுதான்) சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 7 கிலோ அழுத்தம். பம்பின் குழாய் உள்ளே 30 மி.மீ. விட்டம் என்றால் அதன் பரப்பு ஏறக்குறைய 7 சதுர செ.மீ. ஆக, கடைசி அடிகளில் நீங்கள் 50 கிலோ எடையைக் கீழே அமுக்குகிறீர்கள். அதே குழாய் 40 மி.மீ. என்றால் அமுக்க வேண்டியது 88 கிலோ. ஒல்லியான பிள்ளை அந்தப் பிடியில் தொங்கினாலும் இறங்காது. எனவே 80, 100 என்று கேட்கும் மெல்லிய ரோடு டயருக்கு ஒல்லிக் குழாய். 30, 40 போதுமென்னும் அகல டயருக்குத் தடிக் குழாய். தண்டின் நீளம் ஒன்றே ஆனால், தடிக் குழாய் ஒரு அடிக்கு ஒன்றே முக்கால் மடங்கு காற்றுத் தள்ளும். ஒல்லிக் குழாயை வைத்துக்கொண்டு மலைச் சைக்கிளுக்கு அடித்தால் சட்டை நனைந்துவிடும்.

பெட்டியில் “160 பிஎஸ்ஐ வரை” என்று போட்டிருப்பதை நம்பிப் பருமனை மறந்துவிடாதீர்கள். பம்பு தாங்கும் என்பதுதான் அதற்குப் பொருள். நீங்கள் தாங்குவீர்களா என்பது வேறு கேள்வி.

3. கடையிலேயே மேல் மூடியைத் திருகிப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். மூடி மரையோடு கழன்று, தண்டு முழுதாக வெளியே வந்தால் அது பழுது பார்க்கிற பம்பு. பசை போட்டோ, குழாய் விளிம்பை மடித்தோ மூடியிருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி. மூடியின் மரை பிளாஸ்டிக்கில் இருந்தாலும் யோசியுங்கள். நாலு முறை கழற்றி மாட்டினால் வழுக்க ஆரம்பிக்கும்.

4. அடுத்த கேள்வி: “இதற்கு வாசர் தனியாகக் கிடைக்குமா?” பதில் உடனே வராவிட்டால் கிடைக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டின் அடியில் கிண்ணம் கவிழ்த்ததுபோல் ஒரு வாசர் இருக்கும். பிடியை மேலே இழுக்கும்போது அதன் ஓரம் சுருங்கிக் காற்றை உள்ளே விடும். கீழே அமுக்கும்போது விரிந்து குழாய்ச் சுவரில் ஒட்டி அடைக்கும். பம்பின் உயிர் இதுதான். லூதியானாவிலிருந்து வரும் சாதாரண இரும்புப் பம்பில் பெரும்பாலும் தோல் அல்லது ரப்பர் கிண்ணம். இது சைக்கிள் சாமான் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. சில நூறு ரூபாய்ப் பம்புதானே என்று அதை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். பல ஆயிரம் கொடுத்து வாங்கி வாசர் கிடைக்காமல் தவிப்பதை விட இது மேல்.

வெளிநாட்டுப் பம்புதான் வேண்டுமென்றால் அதிலும் நல்ல வழக்கம் உண்டு. மிலான் நகரில் 1917-இல் தொடங்கிய சில்கா, அமெரிக்கருக்குக் கைமாறிய பிறகும் பழைய பம்புகளுக்குத் தோல் வாசர் விற்கிறது. ஜெர்மனியின் எஸ்கேஎஸ் ‘ரென்கம்ப்ரஸர்’ பம்புக்கும் உதிரிகள் தனித்தனியே வருகின்றன. ஆனால் அங்கே கிடைப்பது வேறு, நம் ஊருக்கு வருவது வேறு. பம்பின் பெயரோடு சேர்த்து உதிரியும் இங்கே வருமா என்று முதலில் விசாரித்துவிடுங்கள்.

இப்போதைய பம்புகள் பலவற்றில் கிண்ணத்துக்குப் பதில் ஓ-ரிங். அதுவும் நல்லதே. பழைய வளையத்தை எடுத்துக்கொண்டு பேரிங் கடைக்கோ ஹைட்ராலிக் சாமான் கடைக்கோ போனால் அளவு பார்த்துக் கொடுப்பார்கள்.

5. ஓஸ் நீளமாக இருக்கட்டும். வால்வு சக்கரத்தின் உச்சியில் நின்றாலும் எட்ட வேண்டும். இரு முனையும் கிளிப் போட்டு இறுக்கியதா, இல்லை அழுத்தி ஒட்டியதா என்று பாருங்கள். கிளிப் என்றால் ஓஸ் வெடித்த அன்றே வேறு வாங்கி மாட்டிவிடலாம்.

வால்வைக் கவ்வுகிற வாய்தான் முதலில் தேயும். உள்ளே இருக்கும் ரப்பர் வெளியே வருகிறதா என்று நெம்பிப் பாருங்கள். நிறைய வாய்களில் அதைத் திருப்பிப் போட்டாலே இன்னும் கொஞ்ச காலம் ஓடும். திருகி மாட்டுகிற வாய் உறுதியானது, ஆனால் பிரஸ்டாவில் சில நேரம் வால்வின் உள்பாகத்தையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டு வந்துவிடும், அடித்த காற்றெல்லாம் போச்சு. முன்கூட்டியே வால்வின் உள்பாகத்தைக் குறடால் இறுக்கிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

6. மீட்டரில் பெரிய எண் இருந்தால் நல்ல மீட்டர் என்று அர்த்தமில்லை. முள் மீட்டர் நடுப்பகுதியில்தான் ஓரளவு சரியாகக் காட்டும். 35 அடிக்கிறவருக்கு 230 வரை போகும் மீட்டர் எதற்கு? முள் அசைந்ததா என்றே தெரியாது. கழற்றி மாற்றுகிற மீட்டராக இருந்தால் நல்லது. கீழே விழுந்தால் முதலில் கெடுவது அதுதான்.

வால்டியூப் போட்ட சைக்கிளுக்கு மீட்டரே வேண்டாம். காற்று அந்த ரப்பரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருப்பதால், முள் காட்டுவது ஓஸுக்குள் இருக்கும் அழுத்தம், டயரில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள்.

7. அடிப்பாகம் இரும்பாக, இரண்டு பாதமும் ஊன்றுகிற அகலத்தில் இருக்கட்டும்.

8. பம்பு மக்கர் செய்தால் உடனே கடைக்கு ஓடாதீர்கள், எங்கே வலிக்கிறது என்று அதுவே சொல்லும். பிடி எந்த எதிர்ப்பும் இல்லாமல் சறுக்கிக்கொண்டு இறங்குகிறதா, வாசர் காய்ந்துவிட்டது. நீங்கள் கையை எடுத்ததும் பிடி தானாக மேலே எழும்புகிறதா, அடியில் காற்று திரும்பாமல் தடுக்கும் குண்டிலோ ரப்பர் தட்டிலோ தூசி சிக்கியிருக்கிறது. ஓஸ் தொடங்கும் இடத்தைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து மாட்டினால் பாதிக்குப் பாதி சரியாகிவிடும். வால்வருகே ‘உஸ்’ என்று சத்தம் வந்தால் வாயின் ரப்பர். இவை எதுவும் இல்லாமல் டயர் மட்டும் மறுநாள் காலையில் தொய்ந்திருந்தால், வெயிலில் பிசுபிசுத்துப்போன வால்டியூப்பாக இருக்கும், பம்பைத் திட்டாதீர்கள்.

9. தோல் வாசர் காய்ந்துபோனால் தூக்கிப் போட வேண்டாம். விளக்கெண்ணெயில் ஒரு இரவு ஊறவிட்டு, விரலை உள்ளே விட்டுச் சுற்றிலும் மெல்ல விரித்துக் கொடுத்தால் மறுபடி சுவரைப் பிடிக்கும். விளக்கெண்ணெய் ரப்பரையும் கெடுக்காது. கிரீஸும் என்ஜின் ஆயிலும் இயற்கை ரப்பரை உப்ப வைக்கும். எந்த எண்ணெயானாலும் இரண்டு சொட்டுக்கு மேல் வேண்டாம், மிச்சம் ஓஸ் வழியாக ட்யூபுக்குள்தான் போகும்.

10. பேட்டரிப் பம்பு வழிப்பயணத்துக்குச் சரி, பையில் கிடக்கட்டும். வீட்டுக்கு அது வேண்டாம். பேட்டரி போனால் பிரித்து மாற்ற யாரும் இல்லை.

11. பழைய இரும்புக் கடையில் கனமான பம்பு ஒன்று கிடந்தால் மூடியைத் திறந்து, தண்டை உருவிவிட்டு, சுட்டுவிரலைக் குழாய்க்குள் விட்டுத் தடவிப் பாருங்கள். கீறலோ துருக் குழியோ தட்டுப்பட்டால் எந்த வாசர் போட்டாலும் காற்று நிற்காது, விட்டுவிடுங்கள். உள்சுவர் வழவழவென்று இருந்தால், ஓஸும் பிடியும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, விலை பேசலாம்.